ஜீரோ டிரஸ்ட் போட்ட மறுநாள் வரும் போன்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்யாண மண்டப வாசலில் சந்தனம் குங்குமம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் அப்புறம் யாரும் "நீங்க யாரு" என்று கேட்பதில்லை. பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று. பந்தியிலும் உட்காரலாம், நகை வைத்திருக்கும் அறை வரைக்கும் போகலாம். நம் ஆபீஸ் நெட்வொர்க் பெரும்பாலும் இப்படித்தான். வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர உதவும் விபிஎன் என்கிற வாசலைத் தாண்டிவிட்டால் சர்வர், பிரிண்டர், சிசிடிவி எல்லாம் கைக்கெட்டும்.

ஜீரோ டிரஸ்டில், அதாவது யாரையும் முன்கூட்டியே நம்பாத ஏற்பாட்டில், நாம் எழுதிய விதிகளின்படி ஒவ்வொரு அறைக் கதவிலும் ஆளையும் பார்ப்பார்கள், அவர் கையில் இருக்கும் கருவியையும் பார்ப்பார்கள். 2010 இல் ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஜான் கிண்டர்வாக் இந்தப் பெயரைப் பரப்பினார். 2009 இல் தாக்குதலுக்கு ஆளான கூகுள், ஊழியர்கள் விபிஎன் இல்லாமலே வேலை செய்யும்படி பியாண்ட்கார்ப் என்ற ஏற்பாட்டைக் கட்டி, 2014 முதல் அதைப் பற்றி எழுதியது. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் 800-207 என்ற ஆவணத்தில் இதற்கு இலக்கணம் வகுத்தது. வரலாறு இவ்வளவு போதும்.

கோவைப் பக்கம் முந்நூறு பேர் வேலை செய்யும் ஓர் உற்பத்தி நிறுவனத்துக்கு நாங்கள் மூன்று பேர் இதைப் போட்டுக் கொடுத்தோம். தொழிற்சாலை ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனை ஆட்கள் ஒரு பக்கம். மெயில் கிளவுடில், கொள்முதல், கணக்கு எல்லாம் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் உள்ளே ஒரு சர்வரில். போடுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. புகார்களைத் தீர்க்க அதைவிட அதிகம். அந்தப் புகார்களில் திரும்பத் திரும்ப வந்தவை கீழே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போன் வரும்போதும் "இவருக்கு மட்டும் விதியை எடுத்துவிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கை துறுதுறுக்கும். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஆறு மாதத்தில் விலக்குப் பட்டியல் ஊழியர் பட்டியல் அளவுக்கு வளர்ந்து நிற்கும். நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம்: யாருக்கு விலக்கு, ஏன், கேட்டவர் யார், எந்தத் தேதியில் முடிகிறது. முடியும் தேதி எழுதாமல் விலக்கு கிடையாது. எம்.டி.க்கும் கிடையாது. அவரிடம் அதைச் சொல்ல மட்டும் எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

போன் வந்ததும் முதலில் செய்வது

"உள்ளே போக முடியல" என்பதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நான்கு கேள்வி கேளுங்கள்: எந்தப் பயனர், எந்தக் கருவி, எந்தச் செயலி, சரியாக எத்தனை மணிக்கு. நான்காவதுதான் முக்கியம். "இப்பதான்" என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். மறுபடி முயலச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லாக், அதாவது நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் சரிபார்க்கும் அடையாள சேவையின் லாகின் லாக் ஒன்று, ஆபீஸ் சர்வருக்கு வழிவிடும் கனெக்டரின் லாக் ஒன்று. அந்த நிமிடத்தில் இவற்றில் பார்க்கும் விஷயம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பதிவே இல்லையென்றால் கோரிக்கை நம்மிடம் வந்து சேரவில்லை. கோளாறு இணையத்திலோ, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸிலோ, அந்தக் கணினியில் நாம் நிறுவிய ஏஜெண்ட் என்ற சிறு மென்பொருளிலோ இருக்கிறது, விதியைத் தொடவே வேண்டாம். மறுத்ததாகப் பதிவு இருந்தால் எந்த விதி மறுத்தது என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அனுமதித்ததாகப் பதிவு இருந்தும் பயனர் திரையில் பிழை தெரிந்தால், கனெக்டருக்கும் சர்வருக்கும் இடையில் தேடுங்கள். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் விதிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். அன்றைக்குப் பிரச்சினை வீட்டு ரவுட்டரில் இருந்தது.

"ஓடிபி சரியாத்தான் போடுறேன், தப்புங்குது"

கடிகாரம். செயலியில் ஓடும் ஆறு இலக்க எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. போனின் நேரமும் சர்வரின் நேரமும் ஒத்துப்போனால்தான் எண்ணும் ஒத்துப்போகும். முன்னே பின்னே கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் ஒரு படிதான்.

ஸ்டோர்ஸில் ஒருவருக்கு மூன்று நாள் இந்தப் பிரச்சினை. செயலியை அழித்து மறுபடி நிறுவினோம், கணக்கை மறுபடி சேர்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவர் போனை என் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏழு நிமிடம் வேகமாக ஓடுகிறது. "பஸ்ஸை விட்றக் கூடாதுன்னு நான்தான் தள்ளி வெச்சிருக்கேன் சார்" என்றார். தானியங்கி நேரத்துக்கு மாற்றியதும் வேலை முடிந்தது. பஸ்ஸுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னோம்.

கணினியின் கடிகாரம் தவறினால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து, காலையில் ஆன் செய்ததும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதன் அடையாளச் சான்றான சர்டிபிகேட் செல்லாது என்று வரும். ஆபீஸ் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் போனால் கெர்பரோஸ் என்ற லாகின் சோதனை மறுத்துவிடும். கனெக்டர் ஓடும் மெய்நிகர் கணினியின் நேரமும் நழுவலாம். அப்போது ஒருவருக்கல்ல, எல்லாருக்கும் விழும். சர்வர்களின் நேரத்தை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 உத்தரவிலேயே சொல்லியிருக்கிறது. அதே உத்தரவுதான் லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. நேரம் தப்பான லாகை 180 நாள் வைத்திருந்து என்ன பயன்?

"புதன்கிழமை காலையில பாதிப் பேருக்கு உள்ளே விடல"

கிழமையைக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச், அதாவது ஓட்டை அடைக்கும் புதுப்பிப்பு, வெளியிடுகிறது. நம் நேரத்துக்கு அது இரவாகிவிடும். உங்கள் கருவி விதி "சமீபத்திய பேட்ச் இருந்தால்தான் அனுமதி" என்று இருந்தால், புதன் காலை ஒன்பதரைக்கு பேட்ச் ஏறாத கணினிகள் எல்லாம் ஒரேயடியாக வெளியே நிற்கும். பாதுகாப்புக் குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை, விதியை அவசரக்காரர் எழுதியிருக்கிறார். அந்த அவசரக்காரர் நான்தான். பேட்ச் வந்து ஏழு நாள், பதினான்கு நாள் என்று அவகாசம் கொடுத்து, முதல் சில நாள் எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றினேன். அவசரமான ஓட்டை என்றால் மட்டும் அவகாசத்தைக் கையால் குறைக்கிறோம்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. மடிக்கணினியின் அடிப்படை நிரலான பயாஸை புதுப்பிக்கும்போது, டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும்; அந்த இடைவெளியில் சோதனை ஓடினால் "டிஸ்க் குறியாக்கம் இல்லை" என்று கருவி தோற்றுவிடும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி சோதித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. அதை மறுக்கும் விதி போடுவதற்கு முன்னால் எத்தனை கணினி இன்னும் அதில் ஓடுகிறது என்று எண்ணிவிடுங்கள். விலை குறைவென்று ஹோம் பதிப்போடு வாங்கிய மடிக்கணினிகளை டொமைனில் சேர்க்கவே முடியாது. வாங்கும் அதிகாரம் உள்ளவரிடம் இதை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

எந்தப் புது விதியையும் முதலில் "பதிவு மட்டும்" நிலையில் ஓட விடுங்கள். மறுக்காது, ஆனால் மறுத்திருந்தால் யார் யார் விழுந்திருப்பார்கள் என்று லாகில் எழுதும். கூகுளும் அப்படித்தான் செய்தது: ஊழியர் கணினியில் புது விதிகளைப் பாவனை செய்யும் ஒரு மென்பொருளை வைத்து முதலில் பார்க்க மட்டும் செய்தார்கள், பிறகுதான் மறித்தார்கள். நாங்கள் மாதக் கடைசியும் உள்ளே வரும்படி பார்த்து இரண்டு வாரம் ஓடவிடுகிறோம். ஒரு வாரம் போதாது, மாதக் கடைசி வேலைகள் அதில் சிக்காது.

"நாள் முழுக்க அப்ரூவ் அப்ரூவ்னு கேட்டுக்கிட்டே இருக்கு"

இதைத் தொல்லைப் புகார் என்று தள்ளிவைக்காதீர்கள். பட்டியலில் ஆபத்தானது இதுதான்.

காரணம் பல. "பத்திரம்தானே" என்று மறு-லாகின் இடைவெளியை ஒரு மணி நேரமாக வைத்திருப்பீர்கள். மூடும்போது குக்கீயை அழிக்கும்படி பிரவுசர் இருக்கும். விற்பனை ஆள் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஊர் ஊராகப் போகும்போது ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றத்தையும் நம் விதி புது ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது முகவரியை ஆயிரக்கணக்கானோர் பகிர்கிறார்கள் என்பதால், ஐபியை வைத்து ஊரைக் கணிப்பதும் தப்பாகும். திருப்பூரில் இருப்பவரைச் சென்னை என்றும் மும்பை என்றும் காட்டும். "பறந்து போக முடியாத தூரம்" என்று விதி பதறும்.

ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டால் மனிதர் என்ன செய்வார்? பார்க்காமலே அழுத்துவார். 2022 செப்டம்பரில் ஊபரில் நடந்தது அதுதான். ஓர் ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு தாக்குபவர் திரும்பத் திரும்ப லாகின் செய்ய, ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்டு போன் அடிக்க, கடைசியில் ஒருமுறை அவர் சம்மதம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் தன் செயலியில், திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சிட்டால்தான் ஒப்புதல் என்று கட்டாயமாக்கியது. உங்கள் சேவையில் அந்த வசதி இருந்தால் இன்றே போடுங்கள்.

தீர்வு: நம் நிர்வாகத்தில் இருக்கும், ஆரோக்கியமான கருவி என்றால் நீண்ட இடைவெளி, தெரியாத கருவி என்றால் குறுகிய இடைவெளி. பணம் அனுப்புவது, நிர்வாகி உரிமை எடுப்பது போன்றவற்றுக்கு மட்டும் அந்தந்த நேரத்தில் மறுபடி கேட்பது. முடிந்தால் பாஸ்வேர்டுக்குப் பதிலான பாஸ்கீ அல்லது கையில் வைத்துக்கொள்ளும் வன்பொருள் சாவிக்கு மாறிவிடுவது; அது தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, போலித் தளத்தில் வேலை செய்யாது. எங்கள் கணக்குப் பிரிவில் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது சாவியை வீட்டுச் சாவிக்கொத்தோடு கோத்து வைத்திருக்கிறார்கள்.

"ஆபீஸ்ல வருது, வீட்ல வரல"

அதிகம் வந்த போன் இது, அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

முதல் வகை, "பிங் போகல சார்". பயனருக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்கும், சர்வர் பதில் சொல்கிறதா என்று பிங் செய்து பார்த்திருப்பார். விபிஎன் காலத்துப் பழக்கம். இப்போது அவருக்குத் திறந்திருப்பது ஒரு செயலியின் ஒரு போர்ட், அதாவது ஒரே ஒரு கதவு எண் மட்டும்; பிங் போகாமல் இருப்பதே சரி. அந்தப் போர்ட் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சர்வர் பெயருக்கு 100.64 என்று தொடங்கும் விசித்திர முகவரி தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். பல ஜீரோ டிரஸ்ட் ஏஜெண்டுகள் உள் பயன்பாட்டுக்கு அந்தத் தொகுதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இரண்டாவது வகை, முகவரி மோதல். கொள்முதல் பிரிவில் ஒருவருக்கு வீட்டில் ஈஆர்பி திறக்கவில்லை, போன் ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது. அதைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. ஆபீஸ் சர்வரின் முகவரி 192.168.1.10. கடையில் வாங்கும் வீட்டு ரவுட்டர்களில் பலவும் அதே 192.168.1 என்ற தொடரில்தான் வருகின்றன. கணினி அந்த முகவரியைப் பார்த்ததும் "இது இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது" என்று முடிவு செய்து வீட்டு நெட்வொர்க்கில் தேடுகிறது. அவர் வீட்டில் அந்த முகவரியில் இருந்தது ஸ்மார்ட் டிவி. பத்து நாளாக அந்த டிவியிடம் ஈஆர்பியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பயனரின் வீட்டு ரவுட்டரை மாற்றச் சொல்வது தீர்வு அல்ல. நாளைக்கு இன்னொருவர் வருவார். ஐபி முகவரியை யாரும் எங்கும் தட்டச்சு செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செயலிக்கு ஒரு பெயர் வையுங்கள், அந்தப் பெயரை ஏஜெண்ட் பிடித்துக் கனெக்டருக்கு அனுப்பட்டும். அப்போது வீட்டில் எந்தத் தொடர் இருந்தாலும் கவலையில்லை.

சொல்வது சுலபம். நடைமுறையில் முகவரி எங்கெங்கோ ஒளிந்திருக்கும்: டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில், ஈஆர்பியின் அமைப்புக் கோப்பில், எக்செல் மேக்ரோவில், டேலி டேட்டா போல்டரின் பாதையில், வேலையை விட்டுப்போன யாரோ எழுதிய சின்ன .bat நிரலில். எங்களிடம் இருபத்தேழு இடத்தில் இருந்தது. இருபத்தேழாவது, வார அறிக்கை அச்சடிக்கும் ஒரு எக்செல் கோப்பு. அதை எழுதியவர் யாரென்றே யாருக்கும் தெரியவில்லை, ஆனால் திங்கட்கிழமை அது இல்லாமல் மீட்டிங் நடக்காது.

மூன்றாவது வகை, டிஎன்எஸ். உள்பெயர்களை ஏஜெண்ட் பிடிக்க வேண்டும், ஆனால் பிரவுசரில் "பாதுகாப்பான டிஎன்எஸ்" ஆன் ஆகியிருந்தால் பிரவுசர் நேரே வெளி சர்வரிடம் கேட்டுவிடும். அங்கே அந்தப் பெயர் கிடையாது. ஒரு பிரவுசரில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம் ஐபிவி6, புது வகை இணைய முகவரி. நம் மொபைல் நெட்வொர்க்குகளில் அது பரவலாகிவிட்டது. ஏஜெண்ட் ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் பிடிக்கும்படி அமைத்திருந்தால் மீதி அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போகும். இந்த நிலையில் சில தளங்கள் தடையில்லாமல் திறந்துவிடும் என்பதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் தேட வேண்டும்.

"திடீர்னு எல்லாருக்கும் ஈஆர்பி பிளாக் ஆயிடுச்சு"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு இது நடந்தது. ஆபீஸுக்கு வெளியே இருந்த எல்லாரும் ஒரே நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அடையாள சேவை அனுமதித்திருக்கிறது, கனெக்டர் அனுமதித்திருக்கிறது. அதாவது மேலே சொன்ன மூன்றில் மூன்றாவது.

கனெக்டர் வழியாக வருபவர்கள் எல்லாருக்கும் சர்வர் பார்வையில் ஒரே முகவரிதான், கனெக்டரின் முகவரி. ஈஆர்பியில் பழைய பாதுகாப்பு ஒன்று இருந்தது: ஒரே முகவரியிலிருந்து பத்து முறை பாஸ்வேர்ட் தவறினால் அந்த முகவரியை அரை மணி நேரம் தடு. மூன்று நான்கு பேர் தனித்தனியாக மறந்துபோய்த் தவறாகப் போட, கூட்டிப் பத்தாகிவிட்டது, கனெக்டரையே பூட்டிவிட்டது. தடையை முகவரிக்குப் பதிலாகப் பயனர் பெயருக்கு மாற்றினோம், இரண்டாவது கனெக்டர் ஒன்றையும் வைத்தோம். முகவரியைப் பார்த்து அனுமதிக்கும், முகவரியைக் கணக்கெடுக்கும் எல்லாச் செயலிகளையும் மாற்றத்துக்கு முன்னாலேயே பட்டியலிடுங்கள். ஈஆர்பி லாகில் யார் எங்கிருந்து வந்தார் என்பதும் இனிமேல் தெரியாது. அதைக் கனெக்டர் லாகோடு நேரம் வைத்துப் பொருத்தித்தான் பார்க்க வேண்டும். கடிகாரம் ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

"தம்பி, இன்னிக்கு இருபதாம் தேதி, டோக்கன் எடுக்க மாட்டேங்குது"

கணக்குப் பிரிவு அக்காவின் குரலில் பதற்றம் இருந்தால் தேதியைப் பாருங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு இருபதாம் தேதி கடைசி. யூஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து வேலை செய்ய, பிரவுசர் அதே கணினியில் ஓடும் ஒரு சிறு நிரலோடு பேச வேண்டும். இணையப் போக்குவரத்தை நடுவில் வாங்கி அனுப்ப நாங்கள் வைத்த பிராக்ஸி அமைப்பு அந்த உள்பேச்சையும், அதாவது 127.0.0.1 க்குப் போகும் கோரிக்கையையும், வெளியே இழுத்துக்கொண்டு போனது. தவறு முழுக்க எங்களுடையது. அந்த முகவரியைப் பிராக்ஸியிலிருந்து விலக்கியதும் கையெழுத்து விழுந்தது, மாலை ஆறே காலுக்கு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் எங்களுக்கு வரவில்லை.

இதன் பெரிய அண்ணன், குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. போக்குவரத்தை நடுவில் திறந்து பார்த்து நம் சர்டிபிகேட்டால் மறுபடி மூடி அனுப்புவது. பிரவுசர் விண்டோஸ் சர்டிபிகேட் பட்டியலை நம்புவதால் ஒழுங்காக ஓடும். ஜாவா, நோட், பைத்தான் ஆகியவை பெரும்பாலும் தங்கள் சொந்தப் பட்டியலை வைத்திருக்கும். அங்கெல்லாம் நம் மூலச் சர்டிபிகேட்டைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். "பிரவுசரில் வருது, ஸ்கிரிப்டில் சர்டிபிகேட் பிழை" என்றால் இதுதான். சரிபார்ப்பையே அணைத்துவிடும் ஒரு வரியை யாராவது எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டவிடாதீர்கள். சர்வரின் சர்டிபிகேட்டை உள்ளேயே பொதிந்து வைத்திருக்கும் மொபைல் செயலிகளும், பயனர் சர்டிபிகேட் கேட்கும் தளங்களும் இந்தச் சோதனையில் எப்படியும் உடையும். அவற்றை விலக்க வேண்டியதுதான். வங்கி, மருத்துவத் தளங்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிடுங்கள். ஊழியரின் வங்கிக் கணக்கை நாம் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

"ஸ்கேன் பண்ணினா மெயில் போகல"

பழைய வகை லாகினை மூடியதும் முதலில் விழுவது காப்பியர் இயந்திரம். பாஸ்வேர்ட் மட்டும் கொண்டு மெயில் அனுப்புகிறது, அதற்கு ஓடிபி போடத் தெரியாது. பழைய லாகினை எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள்; இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைச் சுற்றிக்கொண்டு பாஸ்வேர்ட் ஊகிக்க வருபவர்களுக்கு அதுதான் பின்வாசல். உள்ளே மெயிலை வாங்கி அனுப்பும் ஒரு சிறிய ரிலே வைத்து, காப்பியரின் முகவரியிலிருந்து, நம் டொமைனுக்கு மட்டும் அனுப்பும்படி செய்தோம்.

விரல்ரேகை வருகைப் பதிவு, சிசிடிவி, தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி இவற்றுக்கும் இதே கதைதான். அடையாளம் சொல்லத் தெரியாதவற்றைத் விலேன் என்ற தனி நெட்வொர்க் பகுதியில் வைத்து, யாரோடு எந்தப் போர்ட்டில் பேசலாம் என்று எழுதிவிட்டு மற்றதை அடைத்துவிடுங்கள். வருகைப் பதிவு இயந்திரம் சம்பள சர்வரோடு மட்டும் பேசட்டும், இணையத்தோடு அதற்கு என்ன பேச்சு. பிஎல்சிகளை மட்டும் அவசரப்பட்டுத் தொட வேண்டாம். உற்பத்தி நிற்கும் ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்பு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஓடும் பேக்கப் தோற்றாலும் காரணம் இதேதான். யாரோ ஒரு மனிதரின் கணக்கில் அதை ஓட்டியிருப்பார்கள். அதற்கென்று தனி சேவைக் கணக்கு போட்டு, எந்தக் கணினியிலிருந்து மட்டும் வரலாம் என்று கட்டுங்கள்.

"லாகின் ஆகுது, பெரிய ஃபைல் மட்டும் தொங்குது"

சின்னப் பக்கம் திறக்கும், பெரிய இணைப்பு பாதியில் நிற்கும். காரணம் எம்டியூ, ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட், சில பிராட்பேண்ட்களில் வரும் பிபிபிஓஇ இணைப்பில் 1492, ஜீரோ டிரஸ்ட் சுரங்கம் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பாக்கெட் பெரிதாகிவிட்டது என்ற செய்தியை வழியில் ஏதாவது ஃபயர்வால் விழுங்கிவிட்டால் அனுப்பும் பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். ஏஜெண்டின் எம்டியூவை 1280 ஆக்கிப் பாருங்கள். சரியானால் நோய் உறுதி. அப்புறம் நிதானமாகச் சரியான அளவைத் தேடலாம்.

"நாங்களே வெளியே மாட்டிக்கிட்டோம்"

நிர்வாகிகளுக்கான விதி ஒன்றை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றினோம். சேமித்ததும் திரை எங்களையே "நீங்க யாரு" என்று கேட்டது. உள்ளே போக வழியில்லை.

அவசரக் கணக்கு இரண்டு முன்னாலேயே வைத்திருந்ததால் தப்பித்தோம். அந்தக் கணக்குகள் யாருடைய பெயரிலும் இருக்கக் கூடாது, சாதாரண விதிகளில் சிக்கக் கூடாது, ஆபீஸ் சர்வரிலிருந்து ஒத்திசைத்ததாக இல்லாமல் கிளவுடிலேயே உருவாக்கியதாக இருக்க வேண்டும். வன்பொருள் சாவி உறைபோட்டு ஒட்டி, ஒன்று நிதிப் பிரிவு லாக்கரில், இன்னொன்று வேறு கட்டடத்தில். யார் பயன்படுத்தினாலும் மூன்று பேர் போனுக்கு உடனே எச்சரிக்கை வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து லாகின் செய்து பாருங்கள், லாக்கர் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து. அந்த வெள்ளிக்கிழமை சாவி வைத்திருந்தவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தார்.

யாரும் போன் செய்யவில்லை

இதற்கும் மருந்து உண்டு, ஆனால் நோயாளி நீங்கள்தான் என்று தெரிய நாளாகும். மூன்று இடத்தைப் பாருங்கள்.

வேலையை விட்டுப் போனவர். கணக்கை மூடிய அன்றே அவருடைய போனில் மெயில் வராமல் நின்றதா? லாகின் செய்தபோது சேவை கொடுத்த அணுகு டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு காலாவதி ஆகும்வரை, சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேலும், செல்லுபடியாகலாம். கணக்கை மூடுவதோடு அமர்வுகளையும் ரத்துசெய்ய வேண்டும். ஈஆர்பியில் தனியாக உள்ளூர் பாஸ்வேர்ட் இருந்தால் அதை யார் மூடுவது? எங்களிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்தது.

விலக்கு நோட்டு. தேதி தாண்டிய வரிகளை மாதம் ஒருமுறை அடித்துவிடுங்கள், கத்துபவர் கத்தட்டும்.

கடைசியாகப் பழைய வாசல். புதியதைப் போட்டவர்கள் பழைய விபிஎன்னை "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் அதை ஒழுங்காக மூடினோம், மூடிவிட்டோம் என்ற நிம்மதியில் ரவுட்டரைத் திறந்து பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ வேலையாகத் திறந்தபோது ஒரு போர்ட் ஃபார்வர்டு விதி கண்ணில் பட்டது: வெளியிலிருந்து நேராக ஈஆர்பி சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, போர்ட் 3389. குறிப்புப் பகுதியில் "தற்காலிகம், 2 நாள்" என்று இருந்தது. ஊரடங்கு சமயம், 2020 ஏப்ரலில் போட்டது.

அணைத்தேன். மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. 2021 இலேயே ஒப்பந்தம் முடிந்துபோன மென்பொருள்காரர்.

"என்னங்க சார், சர்வர் கனெக்டே ஆக மாட்டேங்குது?"